லானியின் கேஸை நான் அழித்த விதம்

என் கணவன் லானி டிட்வெல்லின் கதையை அவனே எழுதியிருந்தால் நாலு வரியில் முடிந்திருக்கும். என் பெயர் அதில் வந்திருக்காது, கதையும் ஒழுங்காக இருந்திருக்கும். ஆனால் அவன் எழுத மாட்டான். பேசுவதே அபூர்வம். அதனால் நான் எழுதுகிறேன். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "நடந்ததை மட்டும் எழுது ரோண்டா" என்றான். முயற்சி செய்கிறேன்.

லானியும் நானும் பெல்வா என்கிற எங்கள் ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அப்போதும் அவன் பேச மாட்டான். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன். இருபது வயதில் அவன் ஊர்க் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்தான். நான் அப்பா வீட்டில் உட்கார்ந்து அவன் மேல் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அறுவடை நேரத்தில் ஒரு நாள் போனில் சண்டை. எதற்கு என்று இன்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. நான் நினைவிருப்பதாகச் சொல்லிக்கொள்வேன். "இப்பவே நேர்ல வரலைன்னா இனிமே வரவே வேண்டாம்" என்று போனை வைத்தேன்.

அவனுடைய பிக்கப் வண்டி கிளம்பவில்லை. கிடங்கு முற்றத்தில் கோதுமை ஏற்றிய லாரி ஒன்று சாவியோடு நின்றது. அதில் ஏறி வந்துவிட்டான். பின்கதவின் கொக்கி சரியாக விழவில்லை. கிடங்கிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் தெருவெல்லாம் கோதுமை. போலீஸ்காரர் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கோதுமையைப் பின்தொடர்ந்து வந்தார், வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்போது கிடங்கு மேனேஜர் வெளியூர்க்காரர். புகார் கொடுத்தே தீருவேன் என்றார். அனுமதி இல்லாமல் வண்டி எடுத்தது என்று சின்னக் கேஸ்தான். லானி ஒத்துக்கொண்டான். தெருவைப் பெருக்கினான். அவன் பெருக்கியும் தப்பிய மணிகள் அந்த இலையுதிர் காலத்தில் நடைபாதை விரிசல்களில் முளைத்தன. சர்ச்சில் அவனுக்கு, பைபிள் கதையில் வழியெல்லாம் விதை சிந்துகிற 'விதைக்கிறவர்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடம் அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார். புதியவர் முதல் வேலையாக லானியைத் திரும்பக் கூப்பிட்டார். எந்த லாரியை எடுத்தானோ அதே லாரியை அவனிடம் கொடுத்தார்கள். முப்பது வருடம் அங்கேயே வேலை பார்த்தான். என்னையும் கட்டிக்கொண்டான். இரண்டில் எது கடினமான தண்டனை என்று கிடங்கில் ஒரு விவாதம் உண்டு.

ஊர் அந்தக் கேஸை மறக்கவில்லை, ஆனால் மன்னித்துவிட்டது. மன்னிக்காதது எங்கேயோ இருந்த கம்ப்யூட்டர் மட்டும்தான். அதுவும் எங்களுக்கு வெகுகாலம் தெரியாது, ஏனென்றால் லானி வேறெங்கும் வேலை கேட்டதே இல்லை.

பிறகு அவன் முதுகு போயிற்று. கிடங்கின் ஏணியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏற முடியாதவனுக்கு அங்கே வேலை கிடையாது. வேலை இல்லை என்றால் மருத்துவக் காப்பீடு கிடையாது. எங்கள் ஊரில் காப்பீடு இல்லாமல் முதுகு வைத்துக்கொள்வது பணக்காரர்களுக்கே கட்டுப்படியாகாது. அந்த நேரம் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு டிரைவர் கிடைக்காமல் தவித்தார்கள். பஸ்களை ஓட்டுகிற கம்பெனி நகரத்தில் இருந்தது. லானியிடம் கனரக லைசென்ஸ் இருந்தது. சுற்றுவட்டார மண் ரோடெல்லாம் அவன் ஓட்டாதது இல்லை. உட்கார்ந்து செய்கிற வேலை, காப்பீடும் உண்டு. எனக்குத் தெரிந்து அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே வேலை அது. சட்டை இஸ்திரி போட்டுக் கொடு என்று என்னிடம் கேட்டான். நான் காலரைக் கருக்கிவிட்டேன். வேறு சட்டை போட்டுக்கொண்டு போனான்.

பின்னணியைச் சோதித்த கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே வரியில் பதில் சொன்னது: வண்டித் திருட்டு. கம்பெனி மன்னிப்புக் கேட்டு மறுத்துவிட்டது. லானி வீட்டுக்கு வந்து பிக்கப் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு ஆறியது. என் சமையல் ஆறினால் இன்னும் மோசம் என்று தெரிந்தும் அவன் உள்ளே வரவில்லை.

நூலகத்தில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிற கெல்சி என்ற வக்கீல் பெண்ணிடம் நான்தான் போனேன். விஷயத்தை அவள் விளக்கினாள். இந்த மாதிரிப் பழைய சின்னக் கேஸ்கள் தானாகவே அழிய வேண்டும் என்று எங்கள் மாநிலத்தில் சட்டம் ஏற்கெனவே வந்துவிட்டதாம். யாரும் மனுப் போட வேண்டாம், கம்ப்யூட்டரே தேடி எடுத்து மூடிவிடும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் வேலைக்குப் பணம் ஒதுக்கவில்லை. சட்டம் இருக்கிறது, ஓடுவதற்கு எண்ணெய் இல்லை. அதுவரைக்கும் வேண்டுமானால் லானி தனியாக மனுப் போட்டு, கைரேகை கொடுத்து, கோர்ட்டில் போய் நிற்கலாம் என்றாள்.

வீட்டில் சொன்னேன். லானி ஒரே பதில்தான் சொன்னான்.

"கோர்ட்ல ஒரு தடவை நின்னாச்சு. மறுபடி நிக்க மாட்டேன். அதுவா அழியட்டும், காத்திருக்கேன்."

அவனுக்குக் காத்திருக்கத் தெரியும். எனக்குப் பால் கொதிக்கிற வரைக்கும் காத்திருக்கத் தெரியாது. சட்டசபையில் பணம் ஒதுக்குகிற குழு கூடப் போகிறது, பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து யாராவது வந்து பேசினால் நல்லது என்று கெல்சி சொன்னதும் கை தூக்கிவிட்டேன். நூலகத்தில் வேறு யாரும் இல்லை, இருந்தும் கை தூக்கினேன்.

அந்தப் பெண் என்னைச் சரியாகத்தான் எச்சரித்தாள். "மேடம், பேர் சொல்ல வேண்டாம். 'என் கணவர்'னு சொன்னாப் போதும். என்ன தப்புன்னு விவரிக்க வேண்டாம். பணம் ஒதுக்காததால உங்க வீட்டுல என்ன கஷ்டம், அது மட்டும் போதும். ரெண்டு நிமிஷத்துல சிவப்பு விளக்கு எரியும், நிறுத்திடுங்க."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

இங்கே எங்கள் சர்ச் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சாட்சி சொல்கிற நேரம். எழுந்து நிற்கிறவர் யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவருடைய முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். எந்தச் சேற்றில் கிடந்தார் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கர்த்தர் தூக்கியெடுத்த கதை. ஒரு பாட்டில் பீர் குடித்தவர் சாட்சியில் ஒரு பீப்பாய் குடித்திருப்பார். இதை யாரும் பொய்யென்று நினைப்பதில்லை. கேட்கிறவர்கள் மனதுக்குள்ளேயே கழித்துக்கொள்வார்கள். நான் கூட்டிச் சொல்வதில் பேர் போனவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கழிப்பார்கள். முப்பது வருடமாக நான் கூட்டத்தில் பேசியது அந்த ஒரு இடத்தில்தான். பேச்சென்றால் அதுதான் பேச்சு என்று நினைத்துவிட்டேன்.

தலைநகருக்கு என் சர்ச் தோழி வேனிட்டா துணைக்கு வந்தாள். வழியெல்லாம் காரில் எனக்குத் தைரியம் சொன்னாள். "ரோண்டா, வெறும் 'தப்புப் பண்ணிட்டாரு'ன்னு சொன்னா ஒருத்தரும் கண்ணீர் விட மாட்டாங்க. கொஞ்சம் தாராளமாச் சொல்லு."

குழுவுக்கென்று பீச் பழப் பணியாரம் சுட்டு எடுத்துப் போயிருந்தேன். வாசல் காவலர் அதை உள்ளே விடவில்லை, அவரிடமே கொடுத்துவிட்டேன். இரண்டாவது வாய் சாப்பிட்டபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, குழு தப்பித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஈஸ்டருக்குத் தைத்த நீல உடையில் போய் மைக் முன்னால் நின்றேன். எதிரே வரிசையாகக் கோட்டுப் போட்டவர்கள் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிதான் என்னைக் கெடுத்தது. கெல்சி சொன்னதெல்லாம் எங்கேயோ போயிற்று.

"என் கணவர் லானி ரே டிட்வெல், பெல்வா ஊர்" என்று ஆரம்பித்தேன். காகிதம் புரட்டுவது நின்றது. எனக்கு அது போதும். அன்றைக்கு அவன் குடித்திருந்தான் என்றேன். லானி பீரை வாயில் வைக்க மாட்டான். சாத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தான் என்றேன். ஒரு லாரி இரண்டாயிற்று. ஊரே நடுங்கியது, தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கள் சர்ச்சில் சிவப்பு விளக்கு கிடையாது. அப்படிப்பட்ட மனிதன் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு ஏந்துகிறான், அவனுக்கு ஒரு பஸ் கொடுக்கக் கூடாதா என்று முடித்தேன். கொட்டாவி விட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ ஆமென் என்றார்கள். அது வேனிட்டாதான். கெல்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டில் லானி கேட்டான். "நல்லாப் போச்சா?"

"அழுதுட்டாங்க."

"என் பேரைச் சொன்னியா?"

"சொல்லுவேனா?" என்றேன். அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி ஓடினேன். தீயவில்லை. அன்றைக்குத்தான் அது தீயாமல் இருந்தது.

குழுவில் பேசுவதையெல்லாம் வீடியோ எடுத்து இணையத்தில் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கெல்சி சொல்லியிருப்பாள், நான் தலையாட்டியிருப்பேன். நகரத்து டிவிக்காரன் ஒருத்தன் அதை எடுத்து, என் வாய் திறந்திருக்கிற இடத்தில் நிறுத்தி, கீழே லானியின் முழுப் பெயரைப் போட்டுவிட்டான். பெல்வாவில் எல்லோரும் பார்த்தார்கள். வழக்கம்போல் கழித்துக்கொண்டார்கள். லானியிடம் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் மனது வரவில்லை. அவனிடம் இருப்பது பட்டன் போன், இணையம் பார்க்கிற வழக்கம் கிடையாது. எனக்கு வேனிட்டா காட்டினாள். அன்றைக்கு முழுக்க எனக்கு இரண்டு கவலை. ஒன்று லானி. இன்னொன்று, நீல உடையில் நான் அவ்வளவு அகலமா என்பது.

பணம் ஒதுக்கினார்கள். என்னால்தான் என்று வேனிட்டா சர்ச்சில் சொன்னாள், நானும் மறுக்கவில்லை. நான் பேசுவதற்கு முன்பே காலையில் அவர்களுக்குள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், பேச்செல்லாம் மரியாதைக்குத்தான் என்று கெல்சி பின்னால் சொன்னாள். வீட்டிலேயே இருந்திருக்கலாம். பணியாரமும் மிஞ்சியிருக்கும்.

வேலை மெதுவாக நடந்தது. மாவட்டம் மாவட்டமாகக் கேஸ்களை மூடிக்கொண்டு வந்தார்கள். எங்கள் மாவட்டம் முடிந்ததும் கெல்சி தேடிப் பார்த்துவிட்டு லானிக்குப் போன் செய்தாள். அவன் பேரில் ஒன்றுமே இல்லை, இனிமேல் யார் கேட்டாலும் கேஸ் இல்லை என்றே சொல்லலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்றாள். போனை வைத்துவிட்டு லானி கொல்லையில் போய்ப் புல் வெட்டினான். முந்தின நாள்தான் வெட்டியிருந்தான்.

மறுபடி பஸ் கம்பெனியில் விண்ணப்பித்தான். அந்த வாரமே போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் லானி ஸ்பீக்கரில் போட்டான். அதனால் நானும் கேட்க நேர்ந்தது. கம்பெனியில் ஆள் எடுக்கிற மிசஸ் ஸ்டோவால் பேசினாள்.

"மிஸ்டர் டிட்வெல், ரிப்போர்ட் சுத்தமா இருக்கு. ஆனா எங்க ஆஃபீஸ் பையன் உங்க பேரை இணையத்துல தட்டிப் பார்த்தான். ஒரு அம்மா வர்றாங்க. நீல டிரஸ்."

லானி என்னைப் பார்த்தான். நான் வாணலியைப் பார்த்தேன்.

"நீங்க குடிச்சுட்டு ரெண்டு லாரி திருடினீங்கங்கிறாங்க. இது பிள்ளைங்க ஏறுற வண்டி. நாளைக்குக் காலையில வாங்க. அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்தான். கையைத் துடைத்தான். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"அரசாங்கம் முப்பது வருஷம் கழிச்சு, பணம் செலவு பண்ணி அழிச்சுது. நீ ஒரு மூச்சுல திருப்பி எழுதிட்ட" என்றான். வெளியே போய்விட்டான்.

உடனே தலைநகருக்குப் போன் போட்டேன். அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். போனில் பேசிய மனிதர் ரொம்ப மரியாதையானவர். குழுவில் பேசியது மாநிலத்தின் ஆவணம், அழிக்க முடியாது என்றார். பழைய கேஸை அழிக்கிறீர்களே என்றேன். அது கோர்ட் கேஸ் மேடம், அதற்குச் சட்டம் இருக்கிறது, மனைவி பேசியதை அழிக்கச் சட்டம் இன்னும் வரவில்லை என்றார். வந்தால் அதற்குப் பணம் கேட்டு லானியே போய்ப் பேசுவான் என்று தோன்றியது.

மறுநாள் போனோம். மிசஸ் ஸ்டோவால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. பஸ் டிரைவர் கோட்டும் சேறு படிந்த பூட்ஸுமாக இருந்தாள். முதலில் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னது நிஜமா?"

"பாதி நிஜம் மேடம்."

"எந்தப் பாதி?"

"பேரு."

அவள் சிரிக்கவில்லை. "குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"ரெண்டு லாரி?"

"ஒண்ணு."

"ஊரே நடுங்கிச்சுன்னீங்களே?"

"கோதுமை கொட்டினதுல கோழிங்க ரொம்பக் கூடிடுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப சட்டசபைக் குழு முன்னாடி பொய் சொல்லியிருக்கீங்க."

இது பொய் இல்லை, சர்ச்சில் இப்படித்தான் சொல்லுவோம் என்று விளக்க வாயெடுத்தேன். சொல்லிப் பார்த்தால் எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. நான் சொன்னது உண்மை என்றால் லானி திருடன். பொய் என்றால் நான் பொய்க்காரி. அந்த அறையிலிருந்து ஒருத்தர் கெட்ட பேரோடுதான் வெளியே போக முடியும். எனக்கு ஏற்கெனவே ஊரில் அந்தப் பேர் இருக்கிறது, புதிதாகச் செலவு ஒன்றும் இல்லை.

"ஆமா மேடம். பொய்தான் சொன்னேன். எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க, நான் எப்பவுமே கூட்டித்தான் சொல்லுவேன். வேணும்னா அம்பது பேரைக் கூட்டிட்டு வந்து இங்கேயே சொல்ல வைக்கிறேன்."

"அம்பது பேரா?"

"ஒரு முப்பது."

லானி என்னைத் திரும்பிப் பார்த்தான். "இருபத்தஞ்சு" என்றேன்.

பிறகு அவள் லானியிடம் கேட்டாள், அன்றைக்கு என்னதான் நடந்தது என்று. கெல்சி சொன்னது எனக்கு நினைவிருந்தது. கேஸ் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சட்டம் அவன் பக்கம். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"மேடம், கம்ப்யூட்டர் ஒண்ணுமே நடக்கலைங்குது. இவ ஊரே கொள்ளை போன மாதிரி சொல்றா. இருபது வயசுல, கேக்காம ஒரு லாரியை எடுத்தேன். இவ வரச் சொன்னா, போனேன். பின்கதவைச் சரியா மூடல. அவ்வளவுதான்."

கல்யாணத்தன்றுகூட அவன் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை.

மிசஸ் ஸ்டோவால் சுவரில் மாட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தாள். "வடக்கு ரூட்டுக்கு ஆள் இல்லாம காலையும் மாலையும் நானே ஓட்டறேன். மழை பெஞ்சா அந்த ரோட்டுல பாதி நேரம் வண்டியைத் தள்ளணும்" என்றாள். பூட்ஸில் சேறு எப்படி வந்தது என்று புரிந்தது. "விதிப்படி நான் பாக்க வேண்டியது ரிப்போர்ட்டை. ரிப்போர்ட்ல இந்த அம்மா இல்ல. திங்கக்கிழமை பயிற்சிக்கு வாங்க."

நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "நீங்க பேசாதீங்க" என்றாள். லானி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். இரண்டு பேருக்கும் உடனே ஒத்துப்போய்விட்டது.

திரும்பும்போது பெட்ரோல் பங்க் கடையில் நிறுத்தி, பொரித்த வெண்டைக்காய் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான். நான் எடுக்கவில்லை. அவனே என் பக்கம் தள்ளினான். பிறகு எடுத்தேன். பாதிக்கு மேல் நான்தான் சாப்பிட்டேன்.

எங்கள் பக்கம் டிரைவர்கள் பஸ்ஸை ராத்திரி வீட்டு முற்றத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். முதல் நாள் காலையில் அவ்வளவு பெரிய மஞ்சள் பஸ் எங்கள் சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. லானி விளக்குகளைப் போட்டுப் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்து, படியில் ஏறினான். கருகாத காலர். அவனே இஸ்திரி போட்டுக்கொண்டது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஒரு படம் எடுத்து, இரண்டு வரி எழுதி இணையத்தில் போட்டால் வேனிட்டா உலகத்துக்கே அனுப்பிவிடுவாள்.

லானி ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கீழே பார்த்தான். போனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ரோண்டா" என்றான்.

போனை ஏப்ரன் பையில் போட்டேன். கதவு மூடியது. பஸ் மெதுவாகத் திரும்பி வடக்கு மண் ரோட்டில் ஏறியது. நிறுத்தத்தில் மூன்று பிள்ளைகள் நின்றிருந்தார்கள். மூன்று பேர்தான், எண்ணிப் பார்த்தேன்.